ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பாட்டில்

ஒரே ஒரு சொல்லுக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். ஆரஞ்சு நிறம். தடவிப் பார்த்தால் ஜரிகை கையோடு வந்துவிடுகிற ரகம். அந்தச் சொல்லால்தான் பழவேற்காடு ஏரி கெட்டது என்று நான் சொன்னால் அது தற்பெருமை. ஏரியைக் கெடுப்பதற்கு என்னைவிட வசதியும் திறமையும் உள்ளவர்கள் இரண்டு மாநிலங்களிலும் இருக்கிறார்கள். ஏரி கெட்டுப்போயிருக்கிறது என்று நிரூபிக்க ஒரு வாய்ப்பு வந்தது. அந்த வாய்ப்பைக் கெடுத்ததில் மட்டும் எனக்குப் பங்கு உண்டு.

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பொது. மேற்கிலும் வடக்கிலும் இருந்து வருகிற ஆறுகள் ஊர்ச் சாக்கடையையும் வயலுக்குப் போட்ட உரத்தையும் சேர்த்துக்கொண்டு வந்து இதில் கொட்டுகின்றன. தெற்கிலிருந்து கால்வாய் வழியாக வெந்நீரும் கறுப்புச் சேறும் வருகின்றன. யாரிடமிருந்து வருகின்றன என்று நான் எழுதப்போவதில்லை. அரசாங்க அறிக்கையே அதை எழுதவில்லை, எனக்கென்ன வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் இரண்டு மாநிலத்துத் துறைகளும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு போட்டன. இரண்டு வருஷம் மாதாமாதம் ஏரித் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதிப்பது, கெடுதல் ஏறிக்கொண்டே போகிறது என்று தெரிந்தால் கால்வாய்க் கழிவைத் தடுக்க உத்தரவு போடுவது என்று முடிவானது. தண்ணீர் பிடித்துத் தரும் வேலை மீனவர்களுக்கு. அவர்களுக்காக ஒரு கையேடு ஆங்கிலத்தில் தயாரானது. அதைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது.

நான் அப்போது ஒரு வார இதழில் கடைசிப் பக்கத்தில் சிரிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். துறையில் ஓர் அதிகாரி அதைத் தவறாமல் படிப்பவர். அவர்கள் கைவசம் ஏற்கெனவே இருந்த தமிழில் 'மாதிரி சேகரிப்பு நிலையம்' என்று இருந்தது. இதைப் படித்தால் மீனவர் பஸ் ஸ்டாண்டைத் தேடிக்கொண்டு போவார் என்று கிண்டல் செய்தேன். அதிகாரிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி கெட்டது. பழவேற்காட்டுக்கு இறால் தின்னப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுக்கிய ஒரு சொல் என்னிடம் இருந்தது: பாடு.

ஏரியில் இறால் விழுகிற நல்ல இடங்கள் கொஞ்சம். வலை வைத்திருப்பவர்கள் அதிகம். அதனால் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாடு என்று சொல்லி, எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை மோசமான இடம். படுகிற பாடும் அதே சொல்தான் என்பது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. 'நிலையம்' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் 'பாடு' என்று போட்டேன். முக்கியமான விதியை இப்படி எழுதினேன்: 'ஒவ்வொரு பாட்டிலும் முறையாக ஒரு பாட்டில் நீர் எடுக்க வேண்டும்.'

எதுகையைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். வீட்டில் இரண்டு பேருக்குப் படித்தும் காட்டினேன். குறிப்பிட்ட மூன்று இடங்களில், மாதாமாதம் அதே இடத்தில், ஒழுங்காக ஒரு பாட்டில் தண்ணீர் எடு என்பதுதான் ஆங்கிலத்தில் இருந்த விஷயம். அந்த மூன்று இடங்கள் எவை என்பது ஒரு வரைபடத்தில் இருந்தது. தமிழ்ப் பதிப்பு ஒரு பக்கம் கூடிவிட்டதால் வரைபடத்தையோ என் முன்னுரையையோ எடுத்துவிட வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். வரைபடம் போனது, முன்னுரை தங்கியது. வெளியீட்டு விழாவில், மக்கள் மொழியில் எழுதியதற்காக, பொன்னாடை.

இனி அவர்.

அவர் பெயரை எழுதவில்லை. ஒருமுறை பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதறதுன்னா ஊர்ல கீற தலைக்கட்டு எல்லாத்தயும் வரிசையா எழுதுங்க. எம் பேரு எம் முறைக்கு வரும்" என்றார். ஒரு குப்பத்துக் குடும்பங்கள் அத்தனையையும் வரிசையாகப் போட எந்த இதழிலும் இடம் கிடையாது. அதனால் அவர் முறை இன்னும் வரவில்லை. கோட்டைக்குப்பத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிற அந்தக் குப்பத்தில் எல்லோரும் அவரை முறைக்காரர் என்றே சொன்னார்கள். எதிரில் மரியாதையாகவும், முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரியும்.

பயிற்சி முகாம் மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் நடந்தது. துறைப் பொறியாளர் என்னை 'ரைட்டர்' என்று அறிமுகம் செய்துவைத்தார். கூட்டம் சட்டென்று அடங்கியது. எழுத்தாளனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்தேன். அவர்கள் புரிந்துகொண்டது போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்பது அரை மணி நேரம் கழித்து, வலைத் தகராறு ஒன்றில் போட்ட கேஸை வாபஸ் வாங்க வழி உண்டா என்று ஒருவர் என் காதோரம் கேட்டபோதுதான் தெரிந்தது. உண்மை தெரிந்த பிறகு எனக்கு நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டார்கள். முறைக்காரர் மட்டும் கடைசிவரைக்கும் 'ரைட்டர் சார்' என்றே கூப்பிட்டார்.

இடைவேளையில் டீ. கடைக்காரர் முதல் கிளாஸைப் பொறியாளர் கையில் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் ஒல்லியான மனிதர் வந்து, "கொஞ்சம் இருங்க சார்" என்று அந்தக் கிளாஸை அவர் கையிலிருந்து பணிவோடு வாங்கி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மீன்காரம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மாள் வெட்கப்பட்டுப் பின்வாங்கினார். "புடி. நீதான மொதல்ல வந்த. சாருக்கு உனக்கப்பறம் மூணாவது" என்றார். பொறியாளர் அதற்குப் பிறகு பழவேற்காடு வரும்போதெல்லாம் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார்.

ஏரியில் சேர்ந்து முறை வைத்துக்கொள்கிற மூன்று குப்பத்துக்காரர்களும் தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை முறைக்காரரிடம் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். எந்தப் பாடு யாருக்கு எந்த நாளில் என்பது அவருக்குத் தலையில் இருந்தது. நோட்டு இருந்தது, ஆனால் நோட்டில் சந்தேகம் வந்தால் இவரைக் கேட்பார்கள். இவர் சொன்னால் நோட்டைத் திருத்துவார்கள்.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, தனக்கு முன்னால் வந்து நின்றவர் வெளியே நிற்பதைப் பார்த்தால் இறங்கிவிடுவார். இறங்கியதோடு விடமாட்டார். தனக்குப் பின்னால் வந்து ஏறியவர்களையும் இறக்குவார். மீஞ்சூர் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அவரோடு ஆட்டோவில் போகக் கூடாது என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவருடைய வீட்டம்மாள் இதை வேறு விதமாகப் பார்த்தார். "ஏரில முறை, ரோட்டுல முறை. விடியக்காத்தால வூட்டுக்குத் தண்ணி லாரி வந்தா எங்க முறைக்கு எந்திரிச்சு ஒரு கொடம் புடிச்சிக் குடுத்ததில்ல சார் இந்தாளு. எங்க நைனா வேற, முறைன்னு சொல்லித்தான் என்னக் கட்டி வெச்சாரு." முறைக்காரர் பக்கத்திலேயே வலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கத்துக்கு முறை கிடையாது என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குணத்தில் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. அந்தம்மாவின் தம்பி, அதாவது இவருடைய மச்சினன், ஒரு தடவை மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் போட்டிருந்தான். அன்றைக்கு இவருக்கு நல்ல பாடு, மச்சினனுக்கு ஒன்றுமில்லாத பாடு. மாற்றிக்கொள்ளலாமா மாமா என்று கேட்டான். முடியாது என்றார். முறை தன் சொத்து இல்லை, எடுத்துக் கொடுப்பதற்கு. அக்காள் அழுதாள், ஊரில் நாலு பேர் சொன்னார்கள், முடியாது. போய் வலை கட்டினார். காலையில் கூடை நிறைய இறாலோடு நேராக மச்சினன் வீட்டுக்குப் போய், ஒரு இறால்கூட எடுத்துக்கொள்ளாமல் வாசலில் வைத்துவிட்டு வந்தார். பிடித்தது தன்னுடையது, அதைக் கொடுக்கலாம், முறையைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது மச்சினன் என்னிடம், "அந்த இறாலக் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்த சரின்னு சொல்லியிருக்கலாம்ல சார்" என்றான். பெண் பிழைத்துவிட்டது. மச்சினனுக்கு மாமா மேல் இருந்த காய்ச்சல்தான் இறங்கவில்லை.

இப்படிப்பட்டவர் கையில் என் வாக்கியம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு பாட்டிலும், முறையாக, ஒரு பாட்டில். அவர் அதைப் படித்ததும் ஒரு தலையாட்டல் தலையாட்டினாராம். சர்க்காருக்கும் நம்ம வழி தெரிந்துவிட்டது என்று ஊரில் சொன்னாராம். எல்லாப் பாட்டின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினார். துறை கொடுத்தது மாதத்துக்கு மூன்று பாட்டில். முதல் மாதம் முதல் மூன்று சீட்டு. அடுத்த மாதம் அடுத்த மூன்று. சுற்று முடிந்ததும் மறுபடி குலுக்கல்.

நான் ஒருநாள் கூடப் போனேன். தோல் செருப்பு, மேலே கனமான மிதவைச் சட்டை. ஏரியில் அந்த இடத்தில் ஆழம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. படகைக் கழியால் தள்ளிக்கொண்டு வந்த மச்சினன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார் உக்காந்தா மூழ்கலாம்" என்றான். முறைக்காரர் சிரிக்கவில்லை. கையேட்டில் சொன்னபடி பாட்டிலை ஏரித் தண்ணீரால் மூன்று தடவை அலசி, வாயைக் கீழே கவிழ்த்து அமுக்கி, உள்ளே போனதும் திருப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, ஈரத்துண்டில் சுற்றி வைத்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள்கூட அவ்வளவு பார்த்துச் செய்வதில்லை. எனக்குக் கண் கலங்கியது. நம் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சீட்டில் வந்த மூன்று பாடுகளும் நல்ல தண்ணீர் உள்ள இடங்கள். திரும்பும் வழியில் கால்வாய் ஏரியில் சேர்கிற இடம். கால்வாப் பாடு என்பார்கள். ஒருகாலத்தில் அந்தச் சீட்டு வந்தவன் வீட்டில் அன்றே விருந்தாம். இப்போது மச்சினன் கழியைத் தூக்கிக் காட்டினான். முனையில் கறுப்பாகக் கூழ் மாதிரி வழிந்தது. தண்ணீரில் கை வைக்கச் சொன்னான். வைத்தேன். டீ ஆறிப்போனால் எப்படி இருக்குமோ அந்தச் சூடு.

"இங்க ஒண்ணு மொண்டுக்கோ மாமா" என்றான் மச்சினன்.

"இன்னிக்கு இது முறை இல்ல."

"இங்கதான கலீஜு கீது. நல்ல தண்ணிய மொண்டு அனுப்பிச்சா அவன் இன்னான்னு நெனைப்பான்? ஏரி சொகமா கீதுன்னு நெனைப்பான். மூணு பாட்டிலும் மாசா மாசம் இங்கியே மொண்டு அனுப்பு. ரெண்டு வருசத்துல வெந்நி நிக்கும். நம்ம பொழப்பு திரும்பும். இதுல இன்னா முறை?"

"மூணும் இங்கியே மொண்டா அது ஏரித் தண்ணி இல்லடா. கால்வாத் தண்ணி."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"வடக்க கீறவன் கேப்பான். உரத் தண்ணி வந்து எங்க பாட்டுல மீன் சாவுதே, அத்த ஏன் ஒருத்தனும் மொள்ளலன்னு கேப்பான். நல்ல எடம் மட்டும் முறை, கெட்ட எடம் மட்டும் நம்மளுதா? ரெண்டும் எல்லாருக்கும் வரணும். அதான் ஏரி."

மச்சினன் கழியை ஊன்றிவிட்டு என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க சார். எழுதனவரு நீங்கதான."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, ஆங்கிலத்தில் என்னதான் இருந்தது என்று கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருந்தால் போதும். அந்த வரைபடத்தில் இருந்த மூன்று இடங்களில் ஒன்று, நாங்கள் மிதந்துகொண்டிருந்த அதே இடம். மாதத்துக்கு ஒரு பாட்டில் அங்கிருந்து நியாயமாகவே போயிருக்க வேண்டும். கையேட்டைப் படிக்காத மச்சினன், கையேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையேட்டை எழுதிய நான் வெகுதூரத்தில் இருந்தேன். உணர்ச்சிவசப்பட்டு, முறைக்காரர் சொல்வதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னேன். மறுவாரம் அரசாங்கத்துக்கே நேர்மை கற்பிக்கும் மீனவர் என்று பெயர் போடாமல் ஒரு பக்கம் எழுதினேன். நிறையக் கடிதங்கள் வந்தன. எல்லாம் பாராட்டு.

முறைக்காரர் இத்தோடு நிற்கவில்லை. ஏரி ஒன்று என்றால் ஆந்திராப் பக்கத்துப் பாடுகளும் குலுக்கலில் வர வேண்டும் என்று ஒருநாள் பாட்டிலோடு வடக்கே போய்விட்டார். அங்கிருந்த படகுக்காரர்கள் சந்தோஷமாக மொண்டு கொடுத்தார்கள். அவருக்குப் பாதித் தெலுங்கு வரும், அவர்களுக்குப் பாதித் தமிழ். அந்தப் பாட்டிலை நம் பொறியாளர் திருப்பி அனுப்பினார். அந்தப் பக்கத்துத் தண்ணீரை இந்தப் பக்கத்துப் பாட்டிலில் எடுத்தால் அனுமதி மீறலாகும் என்றார். அப்படியானால் அந்தப் பக்கத்தில் மொள்ளுவது யார் என்று முறைக்காரர் கேட்டார். அவர்கள் துறை மொள்ளும் என்றார் பொறியாளர். அவர்கள் துறையில், எல்லைக்குத் தெற்கே நாங்கள் மொண்டுவிட்டால் தாங்களும் மொள்ளுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டிலில் இருந்த தண்ணீரை முறைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு போய் வடக்கிலேயே ஊற்றிவிட்டு வந்தார். அவர்களுடைய தண்ணீராம்.

இரண்டு வருஷம் ஓடியது. கால்வாப் பாட்டுச் சீட்டு எப்போதாவது வந்தது. அன்றைக்கு ஒரு பாட்டில் கறுப்பாகப் போனது. மற்ற நாளெல்லாம் மற்ற தண்ணீர்.

கூட்டுக் குழுவின் இறுதிக் கூட்டம் நடந்த மண்டபத்தில் இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் எதிரெதிர் வரிசை. வடக்கத்தி வரிசை எல்லாம் தெற்கிலிருந்து வருகிறது என்றது. தெற்கத்தி வரிசை எல்லாம் வடக்கிலிருந்து வருகிறது என்றது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால் சமோசா வந்தது. முறைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மூன்று குப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரோடு பின்வரிசையில் இருந்தார். வந்த நேரப்படி உட்கார வைத்திருந்தார். நான் முன்வரிசை.

அறிக்கையின் முடிவைப் படித்தார்கள். இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் அளவுகள் வெகுவாக மாறுகின்றன. திட்டவட்டமான போக்கு எதுவும் தென்படவில்லை. ஆகவே தற்போதைக்கு உத்தரவு எதற்கும் அவசியம் எழவில்லை.

முறைக்காரர் எழுந்தார். "போக்கு இல்லன்னா இன்னா சார்? தெக்கேந்து வெந்நி வருது, ஏரில எறங்கி வடக்கப் போவுது. நான் நாப்பது வருசமாப் பாக்கறேன். போக்கு இல்லன்றீங்களே."

சில பேர் சிரித்தார்கள். ஆய்வகத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், ஒப்பந்த வேலையில் இருந்தவர், மேசையைப் பார்த்துக்கொண்டே விளக்கினார். போக்கு என்றால் கூடுகிறதா குறைகிறதா என்பது. அது தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் எடுத்தால், இந்த மாதம் உங்களுக்கும் அடுத்த மாதம் உங்கள் தம்பிக்கும் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

 மச்சினன் மாமாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் முழுசாகப் புரிந்தது. 

முறைக்காரர் சட்டைப் பையிலிருந்து கையேட்டை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்து, தண்ணீர் பட்டுப் பெருத்துப்போய் இருந்தது. பக்கம் தேடாமல் பிரித்து, கணீரென்று வாசித்தார். "ஒவ்வொரு பாட்டிலும் முறையாக ஒரு பாட்டில் நீர் எடுக்க வேண்டும்." பிறகு, "இதுல அதே எடம்னு எங்க போட்டுகீது சார்?" என்று கேட்டார்.

அதிகாரிகள் ஆங்கிலக் கையேட்டைப் புரட்டினார்கள். மொழிபெயர்ப்பில் ஏதோ நேர்ந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இதை எழுதியது யார் என்று இன்னொருவர் பொதுவாகக் கேட்டார். எனக்குப் பொன்னாடை போர்த்திய அதிகாரியும் பொறியாளரும் மாற்றலாகிப் போயிருந்தார்கள். மண்டபத்தில் என்னைத் தெரிந்தவர்கள் பின்வரிசையில் மட்டும்தான்.

நான் கையைத் தூக்கவில்லை. தட்டில் இருந்த சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதினாச் சட்னி. தவறு என்னுடையது, அவருடைய பாட்டில்களை வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள், இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு முழுசாக இரண்டு நிமிஷம் கிடைத்தது. மச்சினன் என் பிடரியையே முறைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முறைக்காரர் விரலை நீட்டி, இதோ இவர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையேட்டை மடித்துப் பையில் வைத்தார். உட்கார்ந்தார். தலைவர் நன்றியுரைக்குப் போனார்.

வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் முறைக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கோபமாகவே இல்லை. அதுதான் பெரிய கஷ்டம்.

"உங்க முறை வந்துச்சு, நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன் ரைட்டர் சார்" என்றார். "சரி, வுடுங்க."

எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை முன்னால் விட்டு, அவர்கள் செருப்புப் போட்ட பிறகு தன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

திட்டம் மூடப்பட்டது. மிச்சமிருந்த பாட்டில்களில் குப்பத்துப் பெண்கள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டார்கள். வேறு துறை வேறு பெயரில் வேறு குழு அமைத்ததாகப் பேப்பரில் வந்தது. நான் பழவேற்காட்டுப் பக்கம் போகவில்லை. இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மச்சினன் போனில் சொன்னதுதான். குப்பத்தில் எல்லோரும் கால்வாப் பாட்டுச் சீட்டு வந்தால் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்துவிட ஆரம்பித்தார்கள். சிலர் மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனிகளில் கூலிக்குப் போய்விட்டார்கள். முறைக்காரர் மட்டும் அந்தச் சீட்டு வந்தால் போனார். அந்தக் கறுப்புச் சேற்றில் இறங்கி, கழி நட்டு, வலை கட்டி, விடிகிற வரைக்கும் இருந்து, ஒன்றுமில்லாத வலையைப் பிரித்து அலசிக்கொண்டு வந்தார். கால் முழுக்கத் தடிப்பு. ஏன் மாமா இந்தப் பேஜாரு என்று மச்சினன் கேட்டானாம். யாரும் போகாவிட்டால் அப்படி ஒரு பாடு இல்லை என்று ஆகிவிடும் என்றாராம். அந்தச் சேற்றில் வந்த புண் ஒன்று ஆறவேயில்லை. சர்க்கரை வேறு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் போய்விட்டார். ஆஸ்பத்திரி வரிசையில் தனக்கு முன்னால் இருந்தவர்களைத் தாண்டி டாக்டரிடம் போக ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்தம்மா பிறகு சாவு வீட்டில் அழுதுகொண்டே சொன்னார்.

சாவுக்கு மட்டும் போனேன். ஊர்க்காரர்கள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். யாருக்கும் பழைய ஞாபகம் இல்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் ஊர்க் கூட்டம் போட்டுக் கால்வாப் பாட்டைக் குலுக்கலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் அதில் நிம்மதி. அடுத்த குழு வந்து உங்கள் மீன்பிடி இடங்களில் எது கெட்டிருக்கிறது என்று கேட்டால், பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது. பட்டியலில் இல்லாத இடம் கெட்டுப்போக முடியாது.

போன மாதம் மீஞ்சூர் ஸ்டேஷனில், சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது, அந்த ஆய்வகத்துப் பெண்ணைப் பார்த்தேன். இப்போது ஏதோ கம்பெனியில் வேலையாம். என்னை அவருக்குத் தெரியவில்லை. நானாகப் போய் அறிமுகப்படுத்திக்கொண்டு, இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். அந்த வாக்கியத்தை எழுதியது நான். வரைபடத்தை எடுத்தது நான். கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். ஒரு நேர்மையான மனிதரின் இரண்டு வருஷத்தையும் மூன்று குப்பங்களின் பிழைப்பையும் ஒரு எதுகைக்காகத் தொலைத்தவன் நான்.  கொஞ்சம் நன்றாகத்தான் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். வண்டி வருவதாக அறிவித்தார்கள். எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

"அது எங்களுக்கு ரெண்டாவது மாசமே தெரியும் சார். பாட்டில் மேல ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு எழுதி வந்துது. நான் மேல எழுதிக் கேட்டேன். வசதியாத்தான இருக்கு, அப்படியே வரட்டும்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, உங்க புத்தகத்த ஆபீஸ்ல யாரும் படிக்கவே இல்ல."